தானாக வெடிக்காத துவக்கு

சிவம், என் மச்சான்,

உன்னுடைய துவக்கை, அந்தக் கைத்துப்பாக்கியை, போன கிழமை பொலிஸ் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. சுற்றிவளைத்துக் கதைப்பவர்களை உனக்குப் பிடிக்காது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் செத்தவீட்டில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற இரண்டு பேர் கதைத்தது என் காதில் விழுந்தது. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆள், இஞ்ச வந்து துவக்கு வாங்கி வச்சிருந்தவராம். என்னவோ பிசகு இருந்திருக்கு" என்றார்கள். செத்தவீட்டில் சண்டை பிடிப்பது எனக்குப் பழக்கமில்லை.

என் தங்கச்சி ரஞ்சியைக் கட்டுவதற்கு முன்பே நீ எனக்குச் சிநேகிதன். நீ இந்த ஊரின் சென்ட் லோரன்ட் பகுதியில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். நான் கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரிக் கட்டில் தள்ளுகிறவன். உன்னோடு வேலை செய்த கியூபெக்காரர் ஒருவர் தன்னுடைய துப்பாக்கிச் சூட்டுக் கழகத்துக்கு வரும்படி கூப்பிட்டபோது, தனியே போகப் பிடிக்காமல் என்னையும் இழுத்தாய். நான் பொழுதுபோக்காக வந்தேன். நீயும் அப்படித்தான் வருகிறாய் என்று நினைத்தேன்.

வகுப்பு, சோதனை, பொலிஸ் விசாரணை எல்லாம் முடித்து லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பத்தில் மனைவியும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று நீ சொன்னபோது ரஞ்சி கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும்.

"துவக்குச் சத்தம் கேக்கக் கூடாதெண்டுதானே எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள்? இஞ்ச காசு குடுத்துக் கேக்கப் போறியளோ?"

நீ பேனையை அவள் பக்கம் தள்ளினாய். அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஒரு கிழமை உன்னோடு கதைக்காமல் இருந்தாள்.

கழகத்தில் முதல் நாள், பயிற்சி தந்த பெண்மணி எல்லோரிடமும் கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். மற்றவர்கள் குறி பார்ப்பதைப் பற்றிக் கேட்டார்கள். நீ மட்டும், "ஒரு துவக்கு தானாக வெடிக்குமா?" என்று கேட்டாய். "பழுதில்லாத துவக்கு தானாக வெடிக்காது. எங்கோ ஒரு விரல் இருக்க வேண்டும். பழுதான துவக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது" என்றார்.

திரும்பி வரும்போது தெருமூலையில் பால், பாண் விற்கும் ஒரு தெப்பனர் கடைக்கு முன்னால் காரை நிற்பாட்டச் சொன்னாய். ஏதோ வாங்கத்தான் என்று நினைத்தேன். நீ இறங்கவில்லை. அங்கேயே இருந்துகொண்டு குகனைப் பற்றிச் சொன்னாய்.

உன் தம்பி குகன் சூடு பட்டுச் செத்தவன் என்பது எனக்கு முன்பே தெரியும். எப்படிச் செத்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊரில், யுத்த நாட்களில், ரியூஷனுக்குப் போன பிள்ளை. காவலரணில் மறித்திருக்கிறார்கள். சைக்கிளை விட்டு இறங்கி நின்றிருக்கிறான். நின்ற இடத்தில் வெடி.

"தவறுதலா வெடிச்சிட்டுது எண்டு வீட்டுக்கு வந்து சொல்லிப்போட்டுப் போனாங்கள்" என்றாய். "அம்மா அதை நம்பினா. நம்பினபடியாத்தான் அதுக்குப் பிறகும் சமைச்சா, சாப்பிட்டா, இருந்தா. என்னாலதான் நம்பவும் முடியேல்லை, நம்பாமல் விடவும் முடியேல்லை."

காவலரணில் நின்றவன் எந்தப் பக்கத்துக்காரன் என்று கேட்டேன்.

"அதைச் சொன்னால் நீ அவனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிடுவாய். நான் துவக்கைப் பற்றித்தான் கேக்கிறன்" என்றாய்.

ஆகவே இங்கேயும் அதை எழுதவில்லை.

பிறகு கைத்துப்பாக்கி வாங்க விற்கத் தடை வரப்போகிறது என்று செய்தி வந்தது. கையில் இருப்பவர்கள் வைத்திருக்கலாம், வேறு எவருக்கும் மாற்ற முடியாது, இனி வாங்கவும் முடியாது. கழகத்தில் எல்லோரும் கடைக்கு ஓடினார்கள். அதுவரை நீ இரவல் துவக்குகளால் சுட்டுக்கொண்டிருந்தாய். ஒன்றுதான் வாங்குவேன், சரியானதாக வாங்குவேன் என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தாய். தானாக அடுத்த ரவைத் தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல்களை முதலிலேயே தள்ளிவிட்டாய். விசையை இழுத்தாலே சுற்றி வெடிக்கிற ரிவோல்வர்களையும் வேண்டாம் என்றாய். உனக்குப் பிடித்தது சிங்கிள் அக்‌ஷன் என்கிற, கௌபோய் படங்களில் வருகிற பழைய வகை. அதில் பின்னால் இருக்கும் சுத்தியலை ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் விசையை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் நடக்காது.

"இதில ரெண்டு வேலை இருக்கு மச்சான். முதல் வேலையைச் செய்தவன் ரெண்டாவதைத் தவறுதலாச் செய்தனான் எண்டு சொல்ல ஏலாது" என்றாய்.

நான் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எனக்கு எந்த அளவு ரவை என்பதுதான் விவாதமாக இருந்தது. நான் .45 பக்கம். கனமான ரவை, மெதுவாகத் தள்ளுகிற உதைப்பு, பிடி உள்ளங்கையில் உருண்டு மேலே எழும்புகிற அந்தச் சுகம். எனக்கு ஒன்று ஏற்கெனவே வாங்கியிருந்தேன். நீயும் அதையே எடுத்தால் ரவையை ஒன்றாக வாங்கலாம் என்று ஆசை காட்டினேன். .22 போதும் என்று ஒரு நாள் சொன்னாய். அடுத்த கிழமை அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது என்றாய். .44 மக்னத்தை ஒருதரம் சுட்டுவிட்டு மேசையில் வைத்தவன் திரும்ப எடுக்கவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்குப் போனோம். அலுமாரிகள் பாதி வெறுமை. கடைக்காரர் களைத்துப்போய் நின்றார். சிங்கிள் அக்‌ஷனில் இரண்டுதான் மிச்சம். ஒன்று .45, பழைய முறைப்படி செய்தது. நீல மினுக்கமும் மரப்பிடியுமாகப் பார்க்கவே அழகு. மற்றது .357, வெள்ளிரும்பு நிறம், குசினிப் பாத்திரம் போல ஒரு தோற்றம். நான் அழகானதைத் தூக்கி உன் கையில் வைத்தேன்.

கடைக்காரர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். ஆறு ரவைக்கு இடம் இருந்தாலும் ஐந்துதான் போட வேண்டும், சுத்தியலுக்கு நேரே இருக்கும் இடம் வெறுமையாக இருக்க வேண்டும். பழைய முறையில் சுத்தியலின் முனை ரவையின் மேலேயே கிடக்கும்.

"விழுந்தால்?" என்று கேட்டாய்.

"விழுகிற விதத்தில் விழுந்தால் வெடிக்கலாம்."

"யாரும் தொடாமலா?"

"யாரும் தொடாமல்."

நீ அதை இரண்டு கையாலும் மேசையில் வைத்தாய். உன் முகத்தை அப்படி நான் முன்பு பார்த்ததில்லை. கோபமா, ஆறுதலா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. தவறுதலாக வெடிக்கிற துவக்கும் உலகத்தில் இருக்கிறது என்று அந்த மனுசன் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அது உனக்கு வேண்டிய பதிலா, வேண்டாத பதிலா?

பிறகு மற்றதைக் காட்டிக் கேட்டாய். அதற்குள்ளே சுத்தியலுக்கும் ரவைக்கும் நடுவில் ஒரு சிறு தகடு இருக்கிறது, விசையை முழுக்க இழுத்தால்தான் அது எழும்பி அடியைக் கடத்தும், விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அவர் விளக்கினார். வாழ்க்கை முழுக்க இயந்திரப் பாகங்களில் பிழை தேடியவன் நீ. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முறுமுறுத்தார்கள்.

"இதைத் தாங்கோ" என்று தமிழிலேயே சொன்னாய். கடைக்காரருக்கு விளங்கிவிட்டது.

பதிவு அனுமதி கிடைக்குமா, தடை முந்துமா என்று சில கிழமை இழுபறியாக இருந்தது. கடைசியில் கிடைத்தது. .357 துவக்கில் .38 ரவையும் போடலாம். அது நீளம் குறைந்தது, அடி மென்மை. நீ .38 மட்டும்தான் போட்டாய். பெரியதைப் போட்டுப் பாரடா என்று எத்தனை தரம் சொன்னேன்! "பெரிய அடியைத் தாங்கக்கூடிய சாமானுக்குச் சின்ன அடியைக் குடுக்கிறதுதான் பாதுகாப்பு" என்பாய். சனிக்கிழமைகளில் உனக்குப் பக்கத்து இடத்தில் நான் நிற்பேன். சில வேளை நீ சுத்தியலை இழுத்து, குறி பார்த்து, சுடாமல் பெருவிரலால் மெல்ல இறக்கிவிடுவாய். ஏன் என்று கேட்டேன். "வேண்டாம் எண்டு பட்டுது, விட்டிட்டன். விடுறதுக்கு இதில நேரம் இருக்கு" என்றாய்.

மச்சான், இது எதையும் நீ ரஞ்சிக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லாமல் விட்டாய்? அவளுக்கும் குகன் மைத்துனன்தானே.

நீ ஆஸ்பத்திரியில் நோயில் போய்ச் சேர்ந்த பிறகு, முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து ஒரு நாள் பகல் உங்கள் வீட்டுக்குப் போனேன். ரஞ்சி பெட்டகத்தைத் திறந்து துவக்கை எடுத்து மேசையில் துணி விரித்து வைத்திருந்தாள். உன் மகள் மதுராவும் இருந்தாள். சட்டம் அனுமதிக்கிறதை நான் சொன்னேன். என் பெயருக்கு மாற்ற முடியாது. துப்பாக்கி திருத்துகிறவரிடம் கொடுத்துக் குழலையும் ரவை போடும் உருளையையும் அடைத்து, இனிச் சுட முடியாதபடி செய்து, நினைவாக வைத்திருக்கலாம். அல்லது பொலிஸில் ஒப்படைக்கலாம். எனக்கு முதலாவதில்தான் விருப்பம்.

"செத்த துவக்கை வச்சு என்ன செய்யிறது?" என்றாள் ரஞ்சி. பிறகு, "அண்ணை, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. அவர் இதை ஏன் வாங்கினவர்? தனக்கோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. உன்னை நீயே சுடத்தான் வாங்கினாயோ என்று கேட்கிறாள் என்பது விளங்கியபோது கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் இருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ கதவைத் திறந்து உள்ளே வரும்வரை அவள் காது கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், மச்சான். அது உனக்குத் தெரியுமா?

எல்லாவற்றையும் சொன்னேன். காரில் நீ சொன்னதை, கடையில் நடந்ததை. அவள் அழவில்லை. துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று கேட்டாள். உருளையைச் சுற்றி ஒவ்வொரு துளையாகக் காட்டினேன். விசையில் மாட்டியிருந்த பூட்டைக் கழற்றிச் சுவர்ப்பக்கமாகப் பிடிக்கச் சொல்லி அவள் கையில் கொடுத்தேன். விசையை இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தாள்.

"அப்ப, குகன் தம்பிக்குத் தவறுதலா வெடிக்கேல்லை."

"எனக்குத் தெரியாது தங்கச்சி. அது வேற துவக்கு. அது எந்தத் துவக்கு எண்டே ஒருத்தருக்கும் தெரியாது."

"இவருக்குத் தெரிஞ்சதோ?"

"இல்லை."

அவள் துவக்கைத் துணியில் வைத்தாள். "தெரியாமல்தானே போனவர். குடுத்திடுவம் அண்ணை" என்றாள்.

மதுரா பிரெஞ்சில் தொலைபேசி எடுத்தாள். ஒரு இளம் பொலிஸ்காரியும் இன்னொருவரும் வந்தார்கள். பண்பாகத்தான் நடந்தார்கள். அந்தப் பிள்ளை துவக்கைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அழகாகப் பராமரித்திருக்கிறார், கௌபோய் படம் பார்க்கிறவரா என்று மதுராவிடம் கேட்டாள். கட்டடங்கள் துப்புரவாக்கும் வேலையில் பழகிய பிரெஞ்சில் ரஞ்சி முந்திக்கொண்டாள். "அவருடைய தம்பிக்காக" என்றாள். பொலிஸ்காரி உடனே தாள்களைப் புரட்டினாள். தம்பியின் பெயரில் பதிவு இல்லையே, தம்பி எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். அவர் எப்போதோ சூடு பட்டுச் செத்துவிட்டார் என்று மதுரா தெளிவாக்கினாள். அந்தப் பிள்ளை தொப்பியைக் கழற்றிவிட்டு, ரஞ்சியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு வேலையைப் பார்த்தாள்.

அவர்கள் போன பிறகு ரஞ்சி குகனின் படம் வீட்டில் இருக்கிறதா என்று தேடினாள். உன் பழைய பயணப் பெட்டிக்குள் ஒன்று கிடைத்தது. இப்போது உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். மதுரா அதைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு, தனக்கு இப்படி ஒரு சித்தப்பா இருந்ததை ஏன் இத்தனை வருசமும் ஒருவரும் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வா, சொல்கிறேன் என்றேன். வந்தாள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

நான் இன்னும் சனிக்கிழமைகளில் கழகத்துக்குப் போகிறேன். புதிதாக யாரும் வருவதில்லை. என் .45 இப்போது கையை உலுக்குகிறது. உன்னைப் போல .38 எடுத்திருக்கலாம் என்று உன்னிடம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். இந்த வருசம் முடிய முதல் நானே அதைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிடுவேன். அதற்கு முதல் என் மனைவியை மேசையில் இருத்தி, ஏன் வாங்கினேன், ஏன் வைத்திருந்தேன் என்று வாயால் சொல்லுவேன். காரணம் சின்னதுதான். உன்னோடு சனிக்கிழமைகளில் நிற்க வேண்டும் என்றுதான் வாங்கினேன்.

இப்படிக்கு,
உன் ரஞ்சியின் அண்ணன்,
மச்சான் யோகன்