அக்கா, உன் பெயரை மண்டபத்தில் கேட்டேன்

என்னை முந்திப் பிறந்து என்னை முந்தியே போன கௌரி அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருடமாகப் போகிறது. இதுவரை உனக்கு எழுதத் தேவைப்படவில்லை. சமைக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மனதுக்குள் உன்னோடு கதைத்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஆனால் போன மாசி மாதம் ஊர் மண்டபத்தில், நிறைந்த சபையில், ஒலிவாங்கி வழியாக உன் பெயரைக் கேட்டேன். அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஸ்ரேசனடியிலுள்ள கீழ்ப் பள்ளிக்கூடத்தில் இடமில்லாமல் விளையாட்டு முற்றத்திலேயே தகரக் கொள்கலன்களை அடுக்கி வகுப்பு நடத்தினார்களே, அது உன் காலத்திலேயே தொடங்கியதுதான். இந்த வருடம் அதுவும் போதவில்லை. நீங்கள் குடிபோன மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கோ புதிதாக ஒரு கட்டடம் எழும்பியிருக்கிறது. ஆகவே எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்ற எல்லைக்கோட்டை மாற்றப்போகிறோம் என்று ஊர்ச்சபைக் கெமைண்டக்காரர் அறிவித்தார்கள். தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் இரண்டு தொடர்மாடிகளின் பிள்ளைகள் ஓகஸ்டிலிருந்து மேட்டுக்குப் போவார்கள். அந்த இரண்டில் ஒன்று எங்களுடையது.

நிலாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. "ஆரணி அக்காவின்ரை ஸ்கூலோ? உண்மையாவோ?" என்று வீட்டுக்குள் ஓடித் திரிந்தாள். உன் மகள் நாலாம் வகுப்பு, என் மகள் இரண்டாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து ஒட்டித் திரிந்தவர்களை உங்கள் புதுவீடுதான் பிரித்தது. கோடு மாறினால் சேர்ந்துவிடுவார்கள் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

கூட்டத்துக்குத் தனியாகத்தான் போனேன். இவருக்கு ஆஸ்பத்திரியில் பின்னேர வேலை. மேட்டுப் பெற்றோர் எதிர்ப்பார்கள் என்று தெரிந்தேதான் போனேன். எதிர்த்தார்கள். ஆனால் எவ்வளவு மரியாதையாக எதிர்த்தார்கள் தெரியுமா? ஒருவர் வாயிலும் "வெளிநாட்டுக்காரர்" என்ற சொல் வரவில்லை. வீதி ஆபத்தானது என்றார்கள். வகுப்பின் தரம் என்றார்கள். பிள்ளைகளுக்கு அமைதி தேவை என்றார்கள். நான் பின்வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இதெல்லாம் எதிர்பார்த்ததுதானே.

அப்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். அத்தான்! எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது அக்கா. இத்தனை பேருக்கு நடுவில் எங்களுக்காகக் கதைக்க எங்கள் அத்தான் எழும்புகிறாரே என்று நினைத்தேன்.

சுத்தமான பேர்ன் டொச்சில், இந்த ஊர்க்காரர் கதைக்கிற ஜெர்மன் பாஷையில், அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். நான் பல வருடம் அங்கே இருந்தவன். என் மனைவி கௌரி இன்று உயிரோடு இல்லை. பிள்ளைகளை அந்தச் சூழலிலிருந்து வெளியே எடுக்கத்தான் அவள் இந்த மேட்டுக்கு வந்தாள். அந்தச் சூழல் இப்போது எங்களுக்குப் பின்னால் ஏறி வருவதை அவள் விரும்பியிருக்கமாட்டாள்."

கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன்னை ஒருநாளும் கண்டிராதவர்கள் உன் பெயருக்குக் கை தட்டினார்கள்.

அதன் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. "அந்தச் சூழல்" என்றால் என்ன? அன்று காலையில் ஒற்றைச் சப்பாத்தைத் தேடிக் கட்டிலுக்குக் கீழே தவழ்ந்தாளே, முன்பல் விழுந்த என் பிள்ளை, அவளா சூழல்?

இதைவிட அதிர்ச்சி வெளியே காத்திருந்தது. கார்த் தரிப்பிடத்தில் என்னைக் கண்டதும் அத்தான் ஒன்றும் நடக்காதவர் போலக் கதவைத் திறந்தார்.

"சுபா, நீரும் வந்தனீரோ? நான் காணேல்லை. ஏறும், குளிருது. கொண்டுபோய் விடுறன்."

பழக்கதோஷத்தில் ஏறிவிட்டேன். கொஞ்சத் தூரம் போன பிறகுதான் கேட்டேன்.

"அத்தான், அங்கை என்ன கதைச்சனீங்கள் எண்டு தெரிஞ்சுதான் கதைச்சனீங்களோ?"

"ஓ, அதுவோ? நான் உங்களைச் சொல்லேல்லை, சுபா. நீங்கள் வேற. மற்ற ஆக்களைச் சொன்னனான்."

"எந்த மற்ற ஆக்கள்? அந்த ரெண்டு தொடர்மாடியிலை ஒண்டிலைதான் நான் இருக்கிறன். கோட்டுக்குத் தெரியுமோ நாங்கள் வேற எண்டு?"

"நிலாவுக்கு வேணுமெண்டால் தனியக் கேட்டுப் பாப்பம். பள்ளிக்கூடத் தலைவியோடை நான் கதைக்கிறன்."

எங்கள் தொடர்மாடிக்கு முன்னால் கார் நின்றது. நான் இறங்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அக்கா அப்பிடிச் சொன்னவாவோ?"

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்திலும் உண்மையாகவே ஒரு திகைப்பு. "உமக்கு அவ ஒண்டும் சொல்லேல்லையோ?"

பிறகு சொன்னார். உன் மூத்தவன் கவின் கீழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு முடிக்கிற நேரம், மேலே படிக்கிற 'செக்'கா, கைத்தொழிலுக்குப் போகிற சாதாரண 'ரியாலா' என்று பிள்ளைகளைப் பிரிக்கிற கூட்டம். அத்தானுக்கு வேலை. நீ தனியாகத்தான் போயிருக்கிறாய். கவினின் புள்ளிகள் இரண்டுக்கும் நடுவில். ஆசிரியை உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, ரியால் போதும், தமிழ்ப் பெடியன்களுக்குக் கைத்தொழில் நன்றாகச் சரிவரும், வீட்டில் டொச் சொல்லிக்கொடுக்க ஆளில்லைத்தானே என்றாளாம். நீ ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லையாம்.

"வீட்டை வந்து குளிர்ச்சட்டையைக் கூடக் கழட்டேல்லை," என்றார் அத்தான். "ஆரணி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகக்கூடாது, மேட்டிலை வீடு பாருங்கோ எண்டு மட்டும் சொன்னவ."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"'சுபாவுக்குச் சொல்லாதேங்கோ. அவள் அங்கைதானே இருக்கப்போறாள். நிலாவும் அங்கைதானே படிக்கப்போறாள். வீணாப் பயந்துபோவாள்' எண்டவ."

அக்கா, எனக்கு நீ சொன்ன காரணம் கத்தரிக்காய். கொஞ்சம் மண் வேண்டும், கத்தரியும் மிளகாயும் நடவேண்டும், அதுக்குத்தான் தோட்டத்தோடு வீடு பார்க்கிறோம் என்றாய். நான் நம்பினேன். உன் சட்டி பானைகளைக் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கித் தந்தேன். ஒன்றரை வயதுதான் நமக்குள் வித்தியாசம். ஒரே படுக்கையில் வளர்ந்தோம். உன் வயிற்றில் கட்டி என்று தெரிந்த அன்று அத்தானுக்கு முதல் எனக்குத்தான் போன் எடுத்தாய். அப்படிப்பட்ட நீ, உன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில் என் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாய். அன்பினால்தான் மறைத்தாய் என்று தெரிகிறது. தெரிந்தும் ஆறவில்லை. நீ ஓடியது அந்த ஆசிரியையின் சிரிப்புக்குப் பயந்தா? இல்லை, எங்களையும் சேர்த்துத்தான் விட்டு ஓடினாயா? ஆரிடம் போய்க் கேட்பேன்?

அடுத்த புதன்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டதும் ஆரணி வழக்கம்போலக் கீழே வந்தாள். சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"சித்தி, நிலா எங்கட ஸ்கூலுக்கு வாறது அப்பாக்கு விருப்பம் இல்லையோ?"

"ஆர் உமக்குச் சொன்னது?"

"எங்கட வகுப்பு லேயாட அம்மா. அப்பா நல்லாக் கதைச்சவராம். அம்மாட பேரும் சொன்னவராம்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "அம்மா அப்பிடிச் சொன்னவாவோ, சித்தி?"

உன் கண்களை அப்படியே வைத்திருக்கிறாள் உன் மகள். இல்லை என்று சொன்னால் பொய்யாகலாம். ஓம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. "எனக்குத் தெரியாது பிள்ளை. அம்மா ஒருக்கா நல்லாப் பயந்துபோனவா. அதுதான் தெரியும்," என்றேன். அவள் நிலாவைப் பார்த்தாள். நிலா அப்பளத்தைத் தலையில் தொப்பி போல வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆரணி அதற்குப் பிறகு சாப்பிடவே இல்லை.

சித்திரையில் இரண்டாவது கூட்டம் நடந்தது. இந்த முறை நானும் கதைப்பதென்று முடிவெடுத்தேன். கவினுக்கு நடந்ததை, உன்னைப் பார்த்து அந்த ஆசிரியை சொன்னதை, எல்லாவற்றையும் டொச்சில் பாடமாக்கினேன். கௌரி பிள்ளைகளுக்குப் பயந்து ஓடவில்லை, பெரியவர்களுக்குப் பயந்துதான் ஓடினாள் என்று முடிக்க நினைத்தேன். அத்தானின் வாயை அடைக்க அதுவே போதும் என்று இருந்தது.

ஒலிவாங்கி கைக்கு வந்தது. உன் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது. முன்வரிசையில் அத்தான் குனிந்த தலையோடு இருக்கிறார், என்ன வரப்போகிறது என்று தெரிந்தவர் போல. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் செய்ததையேதான் நானும் செய்யப்போகிறேன். நீ என்ன நினைத்தாய் என்று அவருக்கும் முழுதாகத் தெரியாது, எனக்கும் தெரியாது. உன்னை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறோம். நீயோ எழும்பி வந்து "விடுங்கோ" என்று சொல்லமுடியாமல் கிடக்கிறாய்.

பாடமாக்கியதையெல்லாம் விட்டுவிட்டேன். "நான் தண்டவாளப் பக்கத்துத் தொடர்மாடியில் இருக்கிறேன். என் மகளுக்கு எட்டு வயது, பெயர் நிலா. ஓகஸ்டில் அவள் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தால், தயவுசெய்து அவளைச் சூழல் என்று சொல்லாதீர்கள். நிலா என்று கூப்பிடுங்கள்." அவ்வளவுதான். டொச்சில் மகள் என்ற சொல்லுக்கு முன்னால், பெண்பாலுக்குப் பதில் ஆண்பால் 'என்'னைப் போட்டுவிட்டேன் என்று இருக்கையில் அமர்ந்த பிறகுதான் உறைத்தது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

யாரும் கை தட்டவில்லை. பிறகு அடுத்தவரைக் கதைக்க அழைத்தார்கள். அத்தான் அன்று வாய் திறக்கவில்லை. கூட்டம் முடியுமுன்பே எழுந்து போய்விட்டார்.

வைகாசியில் முடிவு வந்தது. கோடு, அவர்கள் முதலில் சொன்னபடியே மாறியது. மேட்டுக் குடும்பங்கள் சில மேலிடத்தில் ஆட்சேபித்தன. அது எடுபடவில்லை. அவர்களோடு அத்தானும் சேர்ந்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இப்போதும் உன் பிள்ளைகளுக்கு இடியப்பம் அவித்தால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறார். உள்ளே வரச் சொல்வார். நான் வேலை இருக்கிறது என்பேன்.

ஓகஸ்டில் முதல்நாள். நிலாவைக் கூட்டிக்கொண்டு மேடு ஏறினேன். வாசலில் பெற்றோர் கூடி நின்றார்கள். அத்தானும் நின்றார். எங்களைக் கண்டதும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தடுமாறினார். பிறகு குனிந்து, "சாப்பிட்டனீரோ பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம் பெரியப்பா," என்றாள் நிலா.

லேயாவின் தாய் பக்கத்தில் வந்தாள். இந்தப் பிள்ளை யார், புதிதாக வந்த தொடர்மாடிப் பிள்ளைகளில் ஒன்றா என்று அத்தானைத்தான் கேட்டாள். அத்தானின் வாய் திறந்தது. சொல் வரவில்லை. எங்கே இவர் இல்லையென்று தலையாட்டிவிடுவாரோ என்று நினைத்தேன். அப்படி நினைக்க வேண்டி வந்ததே, அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அதிர்ச்சி.

அதற்குள் ஆரணி ஓடிவந்து நிலாவின் கையைப் பிடித்தாள். "இவள் என் தங்கச்சி," என்றாள் டொச்சில். சின்னம்மாவின் மகள் என்று சொல்ல அந்தப் பாஷையில் வேறு சொல் இருக்கிறது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கூடப்பிறந்தவளுக்குச் சொல்கிற சொல்லையே சொன்னாள்.

லேயாவின் தாய் அத்தானைப் பார்த்தாள். "உங்களுக்கு ஒரே ஒரு மகள் என்றல்லவா நினைத்திருந்தேன்?"

அத்தான் மறுக்கவில்லை. "எங்கள் பிள்ளைதான்," என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார். பிள்ளைகள் இரண்டு பேரும் அதற்குள் படி ஏறிப் போய்விட்டார்கள். அவர் சொன்னது அவர்களுக்குக் கேட்டிருக்காது.

அக்கா, நான் இன்னும் அத்தானின் காரில் ஏறவில்லை. ஏறுவேனோ தெரியாது. உன் மீதுள்ள கோபமும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். இன்னும் கொஞ்சக் காலத்தில் ஆரணிக்கும் அந்தப் பிரிக்கிற கூட்டம் வரும். மேடென்றாலும் பள்ளமென்றாலும் ஆசிரியைக்கு எதிரே அந்தக் கதிரையும் அந்தச் சிரிப்பும் இருக்கத்தான் செய்யும். அன்றைக்கு அத்தானுக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், உன் மகளுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். பிழையான டொச்சிலாவது பதில் சொல்வேன். என்ன சொன்னார்கள் என்பதை யாருக்கும் மறைக்கமாட்டேன்.

உன் பிள்ளைகளுக்கும் தாயாக நிற்கிற
தங்கச்சி சுபா