புருவ ஓரத்துக் கட்டி

இன்று காலை நம் தோட்டத்து மருந்தறையில் பெரிய கங்காணியின் உச்சந்தலையிலிருந்து ஒரு கட்டியைப் பை கிழியாமல் எடுத்தேன். தட்டில் வைத்துக் கீறியதும் கார்பாலிக் நெடியையும் மீறிப் புளித்த கொழுப்பின் வாடை எழுந்தது. "இத்தனை சாமானைத் தலைக்குள்ள வச்சுக்கிட்டா ஐயா நான் ஆளுங்களை மண்டையில ஒண்ணுமில்லைன்னு திட்டினேன்?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ நினைவில் வந்துவிட்டாய்.

இந்த வாடை உனக்கு ஆகாது. ஆனாலும் நான் கை கழுவி வந்ததும் எல்லாவற்றையும் கேட்பாய். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவனின் விரலில் கட்டி வந்தது, கத்தி முனை மேல்தோலின் துணுக்கு ஒன்றை உள்ளே தள்ளிவிட்டதால். தலையில் வருவது மயிர்க்காலிலிருந்து. எங்கே வந்தாலும் அது ஒரு பை. அதன் உட்புறம் நம் தோலைப் போலவே உதிரும், உதிர்ந்தது வெளியேற வழியில்லாமல் சேர்ந்து பெருகும். இப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், "அப்போ என்னோடது?" என்றாய். உன் இடது புருவத்தின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவில் ஒன்று இருந்தது. கருவில் முகம் கூடும்போது மடிப்பில் சிக்கிய தோல், பிறவிக் கட்டி என்றேன்.

"எடுத்துருங்களேன்."

நாங்கள் பெண் பார்க்க வந்த அன்று, பதுளையில் கடை வைத்திருந்த உன் வீட்டார் உன் கூந்தலைத் தழைய வாரி அதை மறைத்திருந்தார்கள். பதுளைக் கடைக்காரர்கள் சொத்தைச் சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்று கலியாணப் பந்தியிலேயே என் அண்ணன் சொல்லிச் சிரித்தான். அவனையும் உன் அப்பாவையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் சொன்னேன்: "அது எலும்பைத் துளைச்சுக்கிட்டு மூளைப் பக்கம் போற வகை. கை வைக்கக்கூடாது."

அப்படியொரு வகை உண்டு. மூக்குத்தண்டின் நடுவில் வருவது சில சமயம் உள்ளே போகும். புருவ ஓரத்தில் வருவது எலும்பின்மேல் ஒட்டி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். எனக்கு அது தெரியும். பிறருக்கு எடுத்தும் இருக்கிறேன்.

நீ அதற்குப் பிறகு கேட்கவில்லை. தலைவலி வந்தால் புருவத்தை அழுத்திப் பார்த்துக்கொள்வாய். மகளுக்குத் தலை வாரும்போது அவள் நெற்றியையும் தடவிப் பார்ப்பாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால் நான் பொய்யனாவேன். நம் தோட்டம் இருக்கும் லுணுகலைப் பக்கத்தில் என்னைப் போலப் படித்தவன் இல்லை என்று நீ உன் அக்காவிடம் பெருமை பேசிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த அக்காவைப் பார்க்க மொனராகலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பினாய். கொயினா மருந்துக்கும் அது அடங்கவில்லை. மண்டை பிளக்கிறது என்றாய். பிறகு மெதுவாக, "உள்ள போயிருச்சாங்க?" என்றாய்.

"இல்ல. இது காட்டுக் காய்ச்சல். அந்தக் கட்டி எந்தக் காலத்திலயும் உள்ள போகாது. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

நீ லேசாகச் சிரித்தாய். "பொய் சொல்லக்கூடத் தெரியல உங்களுக்கு. இருக்கட்டும். எனக்காகச் சொல்றீங்களே, அது போதும்."

மறுபடி சொன்னேன். மகள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அழுகிற பிள்ளையைத் தேற்றுவதுபோல் என் கையைத் தட்டிக்கொடுத்தாய். அந்தக் காய்ச்சலிலிருந்து நீ எழுந்திருக்கவில்லை.

எனக்குப் பலர்மேல் கோபம் உண்டு. என்மேல் கோபப்படுகிறவர்களும் உண்டு. அதோடெல்லாம் வாழ எனக்குத் தெரியும். என்னை இரக்கமுள்ளவன் என்று நம்பி நீ விட்டுப்போன நன்றியோடு வாழத்தான் தெரியவில்லை.