வராத யானைகள்

ஜனவரி 11, ஞாயிறு
பெங்களூர் பாஸ்கெட்பால் டீம் இன்றைக்கும் தோற்றது. ஆறு ஆட்டம், ஐந்து தோல்வி. என் பேத்தி சரிதா அதில் சென்டர். கூடைக்குக் கீழே நின்று காக்கிற வேலை. வயசு பத்தொன்பது, ஆறடி இரண்டங்குலம்.

மருமகள் மாதேஸ்வரியின் தம்பி ஆஞ்சப்பன் நம் டிவி முன்னால் உட்கார்ந்து, நம் காப்பியைக் குடித்துக்கொண்டே சொல்கிறான்: "நாலே பாயிண்ட்டு. இத்தன ஒசரம் என்னாத்துக்கு அத்தே? ஃபேன் தொடைக்கவா?"

சரிதாவுக்குப் பன்னிரண்டு வயசில், பர்கூர் கல்யாணத்தில், "கரண்ட்டு கம்பம் வருது, ஓரம் போங்க" என்றவனும் இவன்தான். பச்சைச் சட்டை. மூன்றாம் பந்தி. மறப்பேனா?

ஜனவரி 13, செவ்வாய்
சரிதா போனில் அழுதாள். அவளை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று மீட்டிங் போட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்த்து முடிவு.

"எத்தன பேர திருப்பி அனுப்பின, அத சொன்னியா?" என்றேன்.

"பந்த கையால தட்டினா எண்ணுவாங்க அவ்வா. கிட்ட வந்து பயந்து திரும்பினத யாரு எண்றாங்க?"

ஜனவரி 15, வியாழன்
பொங்கல். வாயில் வைக்கப் பிடிக்கவில்லை.

நாட்றாம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் ராகிக் காட்டில் பரண் காவல். இரண்டு வருஷம் யானை வரவில்லை. ராமப்பன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "யானையே வர்ல, காவலு எதுக்கு?" என்றான். இறக்கிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் நாலு யானை. காடு முழுக்கப் போச்சு. விடிந்ததும் அதே ராமப்பன் வாசலில் நிற்கிறான்: "திம்மராயா, நீ எங்க போயிருந்த?"

இவர் போய் மறுபடி பரண் ஏறினார். ராமப்பன் சாவுக்கு நான் போகவில்லை. பரண் ஏறியதற்கு இவரிடமும் கோபம்தான். இவர் போய்ச் சேர்ந்த பிறகும்.

ஜனவரி 18, ஞாயிறு
காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டேன். சரிதா உள்ளே நின்றபோது, எதிர் டீம்காரிகள் கூடைக்குக் கிட்ட வந்து எறியாமல் திரும்பியது பதினேழு தடவை. அவளை உட்கார வைத்தபோது? ஒருத்தியும் திரும்பவில்லை.

"திரும்பிப் போனதுக்கெல்லாம் பாயிண்ட்டு குடுக்கமாட்டாங்க அத்தே. யாரும் தடுக்காம சும்மா நின்னு அவ போடறதே எட்டுல ஆறு வீணா போச்சி," என்றான் ஆஞ்சப்பன்.

அதுவும் நிஜம்தான். எழுதாமல் விட்டால் என் கோடும் பொய்.

ஆட்டம் தோல்வி. தாளைப் போட்டோ எடுத்துக் கோச்சுக்கு அனுப்பச் சொன்னேன். மாதேஸ்வரி அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

ஜனவரி 20, செவ்வாய்
வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஜனவரி 22, வியாழன்
பிள்ளை வந்துவிட்டது. நிலைப்படியில் மட்டும் குனிகிறவள், வீட்டுக்குள்ளேயும் குனிந்தே நடக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது இதை?

ஜனவரி 25, ஞாயிறு
அவள் இடத்தில் புதுப் பெண். இருபத்திரண்டு பாயிண்ட். ஆஞ்சப்பன் கை தட்டினான். அப்புறம் கை தட்டவில்லை. எதிர் டீம்காரிகள் சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி வந்து வந்து போட்டார்கள். முப்பத்தொன்று வித்தியாசத்தில் தோல்வி. என் தாளில் ஒரு கோடுகூட இல்லை. அவன்தான் எட்டிப் பார்த்தான்.

"ஒருத்தியுமே திரும்பல, அத்தே."

ஏழு வருஷமாக அவனுக்கென்று வைத்திருந்த பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் சரிதா. டிவியில் அவர்கள் உள்ளே வரும்போதெல்லாம், தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

ஜனவரி 26, திங்கள்
கோச் போன். எடுக்காதே என்றேன். "எடுத்தா, நீ எங்க போயிருந்தன்னு கேப்பான்டி!"

"கேக்கட்டும் அவ்வா," என்று எடுத்தாள்.

ஜனவரி 27, செவ்வாய்
காலை பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். பையை ஆஞ்சப்பன் தூக்கிவந்தான். பஸ்ஸில் அவள் தலை கூரையை இடித்தது, சிரித்தாள்.

கோச்சை விடமாட்டேன். ராமப்பனையும்தான். எங்கள் வீட்டுக்காரர் மறுபடி பரண் ஏறினாரே — அந்தக் கோபத்தை மட்டும் வழியெல்லாம் தேடிப் பார்த்தேன். காணவில்லை.