சொல்லுக்கு ஒரு காபி விலை

மார்ச் 2

அன்புள்ள மருமகளுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்றுதான் போனில் பேசினோம். பேசினோம் என்றால் நான் பேசினேன்; நீ “சரிங்க அத்தை” என்றாய், கொஞ்ச நேரம் கழித்து “ஆமாங்க அத்தை” என்றாய், கடைசியில் “வச்சிடட்டுங்களா அத்தை” என்றாய். ஒரு பெரிய காரியத்தை இப்படிப் பேசி முடிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். மின்னஞ்சல்தான் என்றாலும் கடிதமாகவே படி, பதிலும் அப்படியே போடு.

செவ்வாய்க்கிழமைதோறும் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய்க் கதை படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அங்கே குழந்தைகளுக்குக் கட்டில் இருக்கிறது. பெற்றவர்களுக்கு நடைபாதைதான். உன் புருஷன் நான்கு வயதில் அங்கே கிடந்தபோது, மாடிப்படிக்கு அடியில் துடைப்பங்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தவள் நான். போன வாரம் பார்த்தேன், அதே இடத்தில் ஒரு பெண் சுருண்டு படுத்திருந்தாள். துடைப்பங்கள் மட்டும்தான் புதுசு.

மருத்துவமனைக்கு எதிரே ஆறு அறை உள்ள ஒரு வீடு காலியாகியிருக்கிறது. பிள்ளைகளோடு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரு வருட வாடகையை இந்த மாதக் கடைசிக்குள் மொத்தமாகக் கொடுத்தால் நமக்கு, இல்லாவிட்டால் மருந்துக் கடைக்கு என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். நானும் தலைமைச் செவிலியும் நன்கொடை கேட்டுப் படி ஏறி இறங்கிப் பார்த்துவிட்டோம். பணம் கேட்டால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் பேச்சுவாக்கில் “நீங்க கதை கிதை எழுதுவீங்களா?” என்று கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அங்கேதான் எனக்கு யோசனை பிறந்தது. இணையத்தில் ஒரு கதைப் போட்டி. எங்கிருந்தும் எழுதலாம். சின்னக் கட்டணம், ஒரு காபி விலைக்கு மேல் போகக் கூடாது. வருகிற எல்லாக் கதையையும் எல்லோரும் படிக்கும்படி போட்டுவிடுவோம். பரிசு பெறும் கதையை அந்த வீட்டு வாசல் சுவரில் எழுதி வைப்போம். விதிகளை ஒரே மூச்சில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். இணையப் பக்கம் கட்டுவது உன் தொழில், கட்டிக் கொடு. உன் புருஷனிடம் சொன்னதற்கு, “அம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா?” என்றான். பத்திரிகை ஆபீஸில் என் வரி விளம்பரப் பிரிவை மூடியதிலிருந்து இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் மாமியார்

மார்ச் 5

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். பக்கம் தயார். விதிகளில் நீங்கள் எழுதியதை ஒரு புள்ளிகூட மாற்றாமல் அப்படியே போட்டிருக்கிறேன். கதையை எழுதி முடித்ததும் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை இயந்திரமே கணக்கிட்டுச் சொல்லிவிடும். பணம் நேராக மருத்துவமனை அறக்கட்டளைக்குப் போய்ச் சேரும். பக்கத்தின் மேலே ஒரு மாடிப்படியை வரைந்து வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் எடுத்துவிடுகிறேன்.

மாடிப்படி விஷயம் எனக்குத் தெரியாது. இவருக்கும் தெரியாது. சொன்னதும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பணிவுடன்,
மருமகள்

மார்ச் 11

மருமகளுக்கு,

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தலைமைச் செவிலி இன்று காலை போன் செய்து, “என்னம்மா, தந்தி ஆபீஸ் தொறந்துட்டீங்களா?” என்று சிரிக்கிறாள். போட்டி தொடங்கி ஒரு வாரம் ஆகப் போகிறது. வந்திருப்பது பதினோரு கதை. ஒன்றுகூட ஒரு வரியைத் தாண்டவில்லை. “வருகிறேன் என்றான். வந்தான்.” இது ஒரு கதை. “மாமனார் நலம். நாங்கள்தான் இல்லை.” இது இன்னொன்று. இவர்களுக்கு என்ன வந்தது என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதிகளைப் படித்தேன். கட்டணம்: சொல்லுக்கு ஒரு காபி விலை.

கதைக்கு என்று எழுத வேண்டிய கை சொல்லுக்கு என்று எழுதியிருக்கிறது. எழுதாமல் என்ன செய்யும்? வாழ்நாளெல்லாம் வரி விளம்பரத்துக்குச் சொல் எண்ணிக் காசு வாங்கிய கை. வீடு வாடகைக்கு, நாய் காணவில்லை, மணமகன் தேவை, எல்லாம் சொல்லுக்கு இவ்வளவு என்றுதான். ஓய்வு பெற்றது நான் மட்டும், கைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சரி, நான் வயதானவள், தப்பு செய்தேன். நீ? இரண்டு பட்டம் வாங்கியவள். ஒரு பக்கக் கதை எழுதினால் வீட்டை அடகு வைக்க வேண்டிய கட்டணத்தைப் பார்த்ததும் “இது சரிதானா அத்தை?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இப்படி வாயை மூடிக்கொண்டிருந்து என் மானத்தை வாங்கிவிட்டாயே. பணப்பேய் என்று என்னைத் திட்டி எழுதியிருக்கிறார்கள். பழக்கதோஷத்தில் திட்டைக்கூடச் சுருக்கமாகத்தான் எழுதுகிறார்கள்.

பக்கத்தை இன்றே எடுத்துவிடு. வாங்கிய பணத்தைத் திருப்பி அனுப்பிவிடு. வீடு மருந்துக் கடைக்கே போகட்டும்.

இப்படிக்கு,
மாமியார்

மார்ச் 12

அத்தைக்கு,

முடியாது.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஏன் கேட்கவில்லை என்று கேட்டீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் உங்கள் ஆபீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் பையன்தான் கல்லூரியிலேயே முதல் என்று அவர்களிடம் சொன்னீர்கள். நான் காபித் தட்டை நீட்டிக்கொண்டே, “ரெண்டாவதுங்க அத்தை, முதல்ல வந்தது நான்” என்று சொல்லிவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு, உண்மையைத்தான் சொன்னேன். அதன் பிறகு அந்த மழைக்காலம் முழுக்க நீங்கள் என்னோடு பேசவில்லை. உப்பு எங்கே என்று அவளிடம் கேள் என்று இவரிடம் சொல்வீர்கள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். இனி அத்தை சொன்னதில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்துவதில்லை என்று அப்போது முடிவு செய்தேன். விதிகளைப் படித்ததுமே தப்பு என்று தெரிந்தது. விரல் போன் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டது. அதற்கு என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் பக்கத்தை எடுக்க மாட்டேன். அந்தப் பதினோரு கதையையும் கோபமில்லாமல் ஒரு தடவை படியுங்கள். நேற்று ஒரு லாரி ஓட்டுநர் அனுப்பியதை முதலில் படியுங்கள்: “மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள். சமையலறை விளக்கை அணைக்கவில்லை.” ஆறே சொல். நான் எங்கள் சமையலறையில் நின்றுகொண்டுதான் இதைப் படித்தேன், படித்ததும் நிமிர்ந்து விளக்கைப் பார்த்தேன். இஷ்டத்துக்கு எழுதுங்கள் என்று விட்டிருந்தால் இவர் நான்கு பக்கம் எழுதியிருப்பார், நாம் இரண்டாவது பக்கத்தில் கொட்டாவி விட்டிருப்போம்.

உங்கள் கை தப்பு செய்யவில்லை அத்தை. காசு கொடுத்து வாங்கிய சொல்லை யாரும் வீணாக்குவதில்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. மாதக் கடைசி வரை இருக்கட்டும். யாராவது பணத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவோம். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கோபம் இருந்தால் மழைக்காலம் வரை வைத்திருக்காமல் உடனே எழுதிவிடுங்கள்.

மருமகள்

மார்ச் 15

மருமகளுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கோபம்தான். முதல் நாள் உன்மேல், மறுநாள் உன் புருஷன்மேல். இன்னும் நான்கு மதிப்பெண் சேர்த்து வாங்கித் தொலைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அதற்கும் மறுநாள் கதைகளை எடுத்துப் படித்தேன். லாரிக்காரர் கதையைத் தலைமைச் செவிலிக்குப் படித்துக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தம்மா திரும்பி வந்துச்சா இல்லையா?” என்று கேட்டுத் துளைத்துவிட்டாள். எனக்கென்ன தெரியும்?

பக்கம் இருக்கட்டும். ஆனால் ஒருவன் “மழைபெய்துகொண்டிருந்தபோதுஅவள்வந்தாள்” என்று ஒட்டி எழுதி ஒரு சொல்லுக்குக் காசு கட்டியிருக்கிறான். இந்த வித்தையையெல்லாம் கவுன்ட்டரில் பார்த்துப் பார்த்தே எனக்கு முடி நரைத்தது. சிவப்புப் பென்சிலால் வெட்டி வெட்டிக் காட்டி மீதிக் காசை வாங்குவேன். உன் இயந்திரத்தை நம்ப முடியாது, இனி நானே எண்ணுகிறேன்.

இன்னொரு விஷயம்தான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. காசு உள்ளவன் நீளமாக எழுதலாம், இல்லாதவன் ஆறு சொல்லோடு நின்றுகொள்ள வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? இதற்கு ஏதாவது செய். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்காமலே செய்.

அத்தை

மார்ச் 21

அன்புள்ள அத்தைக்கு,

கேட்காமலே செய்துவிட்டேன். ஒவ்வொரு கதைக்கும் கீழே ‘சொல் வாங்கிக் கொடு’ என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். கதை பிடித்துப்போய், மேலே என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத் துடிப்பவர்கள், எழுதியவருக்குத் தங்கள் காசில் சொல் வாங்கிக் கொடுக்கலாம். அவர் அதை வைத்துத் தொடர்ந்து எழுதலாம்.

பொத்தானை வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் லாரிக்காரருக்கு இருநூறு சொல் சேர்ந்திருக்கிறது. அதில் ஐம்பது ஒரு பல் மருத்துவர் கொடுத்தது. தயவுசெய்து அந்த அம்மாவைக் கூட்டி வாருங்கள், நோயாளி வாயைத் திறந்து வைத்திருக்கிறார், எனக்குக் கை ஓடவில்லை என்று எழுதியிருக்கிறார். உங்கள் பழைய கவுன்ட்டர் ஆட்கள்கூடக் கூட்டாகச் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். லாரிக்காரர் அவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு ஒன்பதே சொல் செலவழித்தார்: “மூன்றாம் நாள் நானே அணைத்தேன். இருட்டில் உட்கார்ந்திருந்தேன். பூட்டில் சாவி திரும்பியது.”

அவ்வளவுதான், படிக்கிற கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வந்தது மனைவி என்று பாதிப் பேர், திருடன் என்று பாதிப் பேர். போட்டி போட்டுக்கொண்டு சொல் வாங்குகிறார்கள். உங்கள் மகன் திருடன் கட்சி. வேறு வேலை இல்லையா என்று உங்களைக் கேட்டவர், நேற்று மதியச் சாப்பாட்டுக் காசில் சொல் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பசி என்கிறார்.

மற்றவர்களுக்கும் குறைவில்லை. கதைகள் முந்நூறைத் தாண்டிவிட்டன, எல்லாவற்றுக்கும் யாராவது சொல் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். வாடகையில் முக்கால்வாசி வந்துவிட்டது அத்தை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அன்புடன்,
மருமகள்

மார்ச் 30

மருமகளே,

இன்று காலை மருந்துக் கடைக்காரர் அளவு நாடாவோடு வந்து மருத்துவமனை எதிர் வீட்டு வாசலை அளந்துகொண்டிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குறைவது கொஞ்சம்தான், ஆனால் குறை குறைதானே. வீட்டுக்காரரோ நாளை சாயங்காலத்துக்கு மேல் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் உன் லாரிக்காரர் ஒரு வேலை செய்தார். தன்னிடம் மிச்சமிருந்த சொற்களில் கொஞ்சத்தை எடுத்து இப்படி எழுதினார்: “உங்களுக்கு வீட்டுச் சாவி கிடைத்ததும், என் பூட்டில் திரும்பிய சாவி யாருடையது என்று சொல்கிறேன்.”

மனைவி கட்சியும் திருடன் கட்சியும் சேர்ந்து மோதிய மோதலில் உன் பக்கம் இரண்டு தடவை படுத்துவிட்டது, உனக்கே தெரியும். மதியத்துக்குள் வாடகை நிரம்பி வழிந்தது. தலைமைச் செவிலி அறக்கட்டளைக் காசோலையை ஏந்திக்கொண்டு முன்னால் போக, நான் பின்னால் போனேன். வீட்டுக்காரர் காசோலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாவியை என் கையில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. குரலைத் தாழ்த்தி, “அந்தச் சாவி யாரோடதுன்னு உங்களுக்காவது தெரியுமா?” என்றார். கறாரான மனிதர், ஆனால் மனைவி கட்சி.

ஜெயித்துவிட்டோமடி.

அத்தை

ஏப்ரல் 9

அன்பு மருமகளுக்கு,

நேற்று வீட்டைத் திறந்தோம். நீங்கள் இருவரும் போனில் பார்த்தீர்கள் என்றாலும், அதைப் பிடித்துக்கொண்டிருந்த தலைமைச் செவிலி பாதி நேரம் கூரையைத்தான் காட்டினாள் என்பதால் எழுதுகிறேன்.

முதல் அறை மாடிப்படிக்கு அடியில் படுத்திருந்த அந்தப் பெண்ணுக்கு. கட்டிலில் உட்கார்ந்து மெத்தையைக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போகாமல் கதவோரமாகவே நின்றுவிட்டு வந்தேன். அழுகையாக வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பரிசு லாரிக்காரருக்குத்தான், அதில் நடுவர்களான எனக்கும் தலைமைச் செவிலிக்கும் சண்டையே வரவில்லை. கதையின் கடைசி வரியையும் சேர்த்து வாசல் சுவரில் எழுதியாகிவிட்டது: “‘கரண்ட் பில் யார் கட்டுவது?’ என்றாள்.” மிச்சமிருந்த சொற்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார். மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மாள் ஆறு அறைக்குள்ளும் போய், பகலில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். மருத்துவர்கள், பல் மருத்துவர், வீட்டுக்காரர், என் பழைய கவுன்ட்டர் ஆட்கள், அன்றைக்கு உன் கையால் காபி வாங்கிக் குடித்த அதே ஆட்கள், எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். எழுதி வைத்திருந்த பேச்சு எனக்கு மறந்துபோய்விட்டது. தலைமைச் செவிலி அந்த நேரம் பார்த்துப் போனைக் கீழே போட்டுவிட்டதால் நான் சொன்னது உனக்குக் கேட்டிருக்காது. இதைத்தான் சொன்னேன்:

“இந்த வீடு ஒரு தப்புல கிடைச்சது. தப்பு பண்ணினது நான். அதை மாத்த முடியாதுன்னு என்கிட்டயே சொன்னது என் மருமக. என் பையன் கல்லூரில ரெண்டாவதா வந்தவன். முதல்ல வந்தது அவதான்.”

கவுன்ட்டர் ஆட்கள் கை தட்டியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

உன் புருஷனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. மறுப்பு ஏதாவது இருந்தால், சொல்லுக்கு உண்டான கட்டணத்தைக் கட்டிவிட்டு எழுதச் சொல்.

அத்தை

ஏப்ரல் 10

அத்தை, அழுதுவிட்டேன்.

கட்டணம் கட்டிவிட்டேன்.

மருமகள்