மூடிக்குள் ஒரு தலைக்கவசப் பெண்

1947 ஜூன் 11, புதன்

தாள் தட்டுப்பாட்டு நாளில் எனக்காக மட்டும் எழுதுகிறேன். மன்னிக்கவும், யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை.

புழுக்கம். லஸ் ஏலக்கடையில் ஒரு மாதத் தற்காலிக வேலை, சனியோடு சரி. பிறகு? முதலாளி சொல்லவில்லை. எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

சாந்தோம் தெரசா டீச்சர் ஒரு காபிக் கெண்டியை ஏலத்துக்குக் கொடுத்தார். மாமியார் பாண்டிச்சேரியிலிருந்து கொண்டுவந்த பிரெஞ்சுச் சாமான். மூடி இல்லை. அடியில் வெள்ளி முத்திரையும் இல்லை. புளி போட்டுத் தேய்த்தே வழவழ.

முதலாளி ஒரே பார்வையில், "வெள்ளி முலாம்தான். பித்தளையோட சேத்து எழுதும்மா." எழுதினேன்.

வீட்டில் அம்மா: "பி.ஏ. படிச்சது ஏனத்தைக் கவுத்துக் கவுத்துப் பாக்கவா?"

ஜூன் 12, வியாழன்

டீச்சர் மறுபடி வந்தார், கைக்குட்டையில் மூடி. "உள்பக்கம் மாதா முகம் இருக்கும்மா. குடுக்க மனசு வரல. இதுல மட்டும் புளி பட விட்டதில்ல."

உள்விளிம்பில் கடுகளவு முத்திரை. என் கண்மையைத் தடவித் துடைத்தேன். பள்ளத்தில் மை நின்றது.

பெருக்க வந்த கன்னியம்மா: "இன்னாம்மா, மாதாவுக்கு மை வெச்சிக்கினு கீறே?"

தலைக்கவசம் போட்ட பெண். எண்கோணக் கட்டம். கடை முத்திரைப் புத்தகத்தில் உள்ள படமேதான்: பிரான்சில் முழு வெள்ளிக்கு அடிப்பது. பக்கத்தில் செய்தவர் எழுத்து, சாய்சதுரத்துக்குள். (முலாமுக்கு நேர்சதுரம்.) கெண்டியின் கைப்பிடி இடுக்கிலும் அதே சாய்சதுரம்!

முதலாளியைச் சுற்றி ஆட்கள். சொல்லாமலே வீடு வந்தேன். தலைவலி.

ஜூன் 14, சனி

கடற்காற்று சீக்கிரமே வந்தது. முதலாளி தனியாக இருந்தார். கெண்டியையும் மூடியையும் மேசைமேல் வைத்துவிட்டேன். வைத்தபின் பேசித்தானே ஆகவேண்டும்.

பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "நானே தப்பா சொல்லிட்டேனே. அடியை மட்டும்தான் பாத்தேன்." பித்தளைப் பட்டியலில் அடித்து, தனியாக 'முழு வெள்ளி, பிரான்சு' என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

விசாரிக்க வந்த டீச்சருக்குச் சந்தோஷம். "அப்ப மாதா இல்லியா?"

"தலையில தொப்பி இருக்கு டீச்சர்."

"வெயிலுக்குப் போட்டிருப்பா."

முதலாளி சிரித்துவிட்டார். நானும். இந்தக் கடையில் சத்தமாகச் சிரித்தது இன்றுதான்.

டீச்சர் போனார். கன்னியம்மா கதவை இழுத்தாள். முதலாளி குடையை எடுத்தார். வாசற்படி வரை பின்னால் போனேன்.

"சார், திங்கட்கிழமையும் நான் வரட்டுமா?"