வேன்தான் வாங்கினேன்

மேல் பிரிவு, பொகவந்தலாவை.

அன்பு மகன் ஜீவராஜுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். அங்கே உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். இதை நானே எழுதுகிறேன். நிஷாந்தி படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். இதில் உன்னால் முடியாது.

நீ கார் வாங்கச் சொன்னாய். நான் வேன் வாங்கிவிட்டேன். பத்திரத்தில் செல்லசாமி என்று என் கையாலேயே எழுதினேன். பெருவிரலில் மை ஒட்டாமல் வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான். உன் பெண்டாட்டி நிஷாந்தி கற்றுக்கொடுத்த எழுத்து, அவள் புருஷன் பேச்சை மீறத்தான் முதலில் உதவியது.

கோபப்படாதே. இரண்டிலும் ஏறிப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். ஹட்டன் தரகர் முதலில் காரைக் கொண்டுவந்தார். நல்ல வண்டிதான், பொய் சொல்ல மாட்டேன். சத்தமே இல்லை. எண்ணெயும் கொஞ்சமாகத்தான் குடிக்குமாம். வளைவுகளில் அப்படியே ஒட்டிக்கொண்டு போனது. உன் அம்மா தூங்கியேவிட்டாள். ஆனால் தேயிலை ஸ்டோரைத் தாண்டித் தார் ரோடு முடிந்ததும் வண்டியின் அடிவயிறு கல்லில் உரசியது. காருக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. "கொஞ்சம் எறங்கி நடங்க ஐயா, பாரம் கொறஞ்சா ஏறிரும்" என்றார் தரகர். நான், உன் அம்மா, நிஷாந்தி மூவரும் இறங்கினோம். கார் சுகமாக மேலே போனது. உன் அம்மா பின்னால் மூச்சு வாங்க நடந்தபடி, "இதுக்கு நம்ம காலே போதுமே" என்றாள்.

வேன் அப்படியில்லை. குலுக்கும், உறுமும். ஏற்றத்தில் ஆமைதான். டீசலும் அதிகம். உன் அம்மா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஆனாலும் அரிசி மூட்டையோடும், வழியில் கேட்காமலே ஏறிக்கொண்ட லயத்து வரிசைவீட்டு ஆட்களோடும் கோயில் வாசல்வரை வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை.

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன செல்லசாமி, தொரை மாதிரி கார்ல வருவீங்கன்னு பாத்தா, மூட்ட ஏத்துற வேனா?" என்றார். "தொரை கார்ல தொரை மட்டும்தானுங்க வருவாரு, இதுல நாங்க எல்லாரும் வருவோம்" என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. லயத்துக்கு முன்னால் நிறுத்தக்கூடாது, அது தோட்டத்து இடம் என்றார். மூன்று தலைமுறையாக நாங்கள் நிற்கிற இடத்தில் வேனும் நிற்கும் என்று சொல்லிவிட்டேன். இன்றும் அங்கேதான் நிற்கிறது.

வெளிநாட்டு ஒப்பந்தம் முடிந்ததும் இன்னும் இரண்டு வருடம் நீட்டப்போவதாக நிஷாந்தியிடம் சொன்னாயாம். அவள் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. அம்மா கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

நீ அங்கே ஓட்டுவது அடுத்தவர் கார். லீவில் வந்து பத்து நாள் சுற்றிவிட்டுப் போகிறவனுக்குக் கார் போதும். ஊரில் இருந்து பிழைக்கிறவனுக்கு வேன்தான் சரி. ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிவிட இப்போதே பெற்றோர் வந்து கேட்கிறார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் வந்தால் ஆள் ஏற்றிப்போக ஹயர் கிடைக்கும். ஓட்டித் தருகிறேன் என்று பக்கத்து லயத்துக் கிஷாந்த் வந்து கேட்டான். நல்ல பையன்தான். சாவியைக் கொடுக்கவில்லை. தினமும் காலையில் துடைத்து மட்டும் வைக்கிறேன்.

வேனை ஓட்டிவந்த தரகரின் ஆள் குட்டை. டிரைவர் சீட்டை முன்னால் இழுத்து வைத்திருந்தான். உன் காலுக்குத் தகுந்த மாதிரி நான் பின்னால் தள்ளிவிட்டேன். அதை யாரும் நகர்த்தக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், மகனே.

இப்படிக்கு,
உன் அப்பா
செல்லசாமி