சைக்கிள் சுற்றிக் கேட்ட குரல்

சிவமயம்

நெளுக்குளம்,
வவுனியா.
17.02.2001

அன்புள்ள ராஜினி அப்பாவுக்கு,

முருகன் கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். பாரிஸில் குளிர் எப்படி என்று கேட்டால் நீங்கள் எழுதப் போவதில்லை. ஆகையால் நல்ல குளிர் என்று நானே வைத்துக்கொண்டு, மனதுக்குள் உங்களுக்கு ஒரு சுவெற்றரும் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை பின்னேரம், நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் விறாந்தையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் அப்புத்துரை அண்ணை, அவருடைய மனைவி வீரம்மா அக்கா, உங்கள் 'தும்பிகள்' குழுவில் ட்றம்ஸ் அடித்த தங்கராசா, ராஜினி, நான். நீங்களும் இருந்தீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேலைக்குப் போகிற அவசரத்தில் பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரைக்கும் வாசியுங்கோ.

தங்கராசா பல் பிடுங்க வேண்டும் என்று வன்னியை விட்டு வெளிக்கிடப் பாஸ் எடுத்துத் துணுக்காயிலிருந்து வந்திருக்கிறார். தலையில் பாதி வழுக்கை. பகிடிக்கு மட்டும் குறைவில்லை. வரும்போது அங்கே என் அக்கா வீட்டில் நான் விட்டுவிட்டு வந்த உங்கள் மூன்றாவது கசற்றையும் கொண்டுவந்தார். போன ஆவணியில் ராஜினியின் இழுப்பு வருத்தத்துக்கு மருந்தெடுக்க இஞ்சால் வவுனியாவுக்கு வந்தபோது, சோதனைச் சாவடியில் கசற் கண்டால் கரைச்சல் என்று எல்லோரும் சொன்னதால் நான் கொண்டுவரவில்லை. தங்கராசாவிடம் ஆமிக்காரன் அதை வாங்கித் தன்னுடைய றேடியோவில் போட்டுப் பார்த்தானாம். கொஞ்ச நேரம் தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். "பத்து வருசத்தில எங்கட மூண்டாவது கசற்றுக்குத் தலையாட்டின முதல் ரசிகன் அவன்தான் மச்சாள். நக்கலாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு வந்திட்டன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அது நக்கல் இல்லை என்று பிறகுதான் விளங்கியது.

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் நான் விளங்கிக்கொண்ட வரிசையில் எழுதினால்தான் பிள்ளை செய்தது உங்களுக்கு விளங்கும்.

கிளிநொச்சியில் தும்பிகள் என்றால் முதலாவது கசற் சனத்துக்கு உயிர். கலியாண வீட்டிலும் அதுதான், கோயில் திருவிழாவில் சாமி இருப்புக்கு வந்த பிறகும் அதுதான். பொப் பாட்டு என்று யாரும் சொன்னால், இது பொப் இல்லை, றொக் என்று நீங்கள் திருத்துவீர்கள். ஒருவரும் திருந்தவில்லை. இரண்டாவதுக்கும் குறை இல்லை. மூன்றாவதைத்தான் ஒருவரும் ஏற்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு சித்திரையில் கொழும்புக்குப் போய் ஒலிப்பதிவு செய்தீர்கள். ஆனியில் சண்டை தொடங்கிவிட்டது. கறண்ட் போனது. பற்றரி கொண்டுவர அரசாங்கம் விடவில்லை. கசற்றுகள் மட்டும் பெட்டியோடு வந்து நின்றன.

வாசிகசாலையில் முதன்முதல் போட்டுக் கேட்ட நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்துக் கேட்டார்கள். ரயரும் கிடைக்காத காலம். தேய்ந்து மொட்டையாய்ப் போன ரயரில் டைனமோ வழுக்கும். பாட்டு இழுபட்டு இழுபட்டு வந்தது. உங்கள் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் தடித்துக் கிடந்தது. அப்போது கிளிநொச்சியில் கடை வைத்திருந்த இதே அப்புத்துரை அண்ணைதான், "இதென்ன தம்பி, செத்தவீட்டுக்கோ பாடினனீங்கள்?" என்று கேட்டவர். பாட்டு இப்படி இல்லை, கெதியாய்ச் சுற்றச் சொல்லுங்கோ என்று நீங்கள் சொன்னதற்கு, "பாட்டுச் சரியில்லையெண்டால் சைக்கிளிலயோ பிழை?" என்று யாரோ கேட்க, வாசிகசாலையே சிரித்தது. அதற்குப் பிறகு நீங்கள் அதைப்பற்றி ஒரு கதையும் கதைக்கவில்லை. கிற்றாரைச் சாக்கில் சுற்றிக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டீர்கள்.

நேற்றுத் தங்கராசா ஒன்று சொன்னார். கொழும்பில் ஒரே ஒரு தரம்தான் முழுக்கக் கேட்டீர்களாம். "சனம் ஏசின ஏச்சில நாங்களும் நம்பிட்டம் மச்சாள். நான்தான் தாளத்தை விட்டிட்டன் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார்.

நீங்கள் வெளிநாடு போகும்போது ராஜினி கைப்பிள்ளை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து துணுக்காய்க்குப் போகிற வழியில் முதலிரண்டு கசற்றும் கைநழுவிப் போய்விட்டன. மிஞ்சியது மூன்றாவதுதான். எப்படி மிஞ்சியது என்று கேட்காதீர்கள். சுவாமிப் படங்களோடு சேர்த்து நான் கட்டி வைத்திருந்தேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்துத் தேவாரம் படித்த பிறகு, உங்கள் சைக்கிளைக் கவிழ்த்து, நான் சுற்ற, ராஜினி றேடியோவுக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருப்பாள். ஒரு வெள்ளிக்கு ஒரு பாட்டு. அதற்கு மேல் என்னுடைய தோள்மூட்டு விடாது. எண்ணெய், திரி, சீனி எல்லாவற்றையும் அளவாய்ப் பாவிக்கிற எனக்கு அதையும் அப்படித்தான் பாவிக்க முடிந்தது.

இவர்தான் அப்பா என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நான் களைத்தால் நீங்களும் களைப்பீர்கள். பாட்டு நடுவில் குழைந்து படுக்கப் போகும். அப்போது அவள், "அம்மா, கெதியாச் சுத்துங்கோ, அப்பாவுக்கு நித்திரை வருது" என்று சத்தம் போடுவாள். அவள் அறிந்த அப்பா, பாரமாய், ஆறுதலாய், ஒவ்வொரு சொல்லையும் யோசித்து யோசித்துப் பாடுகிற ஒரு பெரிய மனிதர். என்னுடைய கை சுற்றின வேகம்தான் அவருடைய குரல்.

இப்போது ஐப்பசியில் நடந்ததுக்கு வருகிறேன். வவுனியா ரவுணில் உள்ள ரெலிபோன் கடைக்கு நீங்கள் எடுப்பதாகச் சொல்லி, நாங்கள் முழுகிக் குளித்து, அவளுக்குப் புதுச் சட்டையும் போட்டுக்கொண்டு போயிருந்தோம். நான் இரண்டு சொல் கதைத்துவிட்டு அவளிடம் கொடுத்தேன். நீங்கள் "ராஜிக்குஞ்சு, அப்பா கதைக்கிறன்" என்றது எனக்கும் கேட்டது. அவள் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு றிசீவரை மேசையில் வைத்தாள். "இது அப்பா இல்லை. வேற ஆரோ மாமா" என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் போய் நின்றாள். அது உங்களுக்கும் கேட்டிருக்கும். நான் எடுத்து, பிள்ளைக்கு வெட்கம் என்று சொல்ல, "சரி, விடும்" என்றீர்கள். பிறகு லைன் இல்லை.

அன்றைக்குப் பிறகு காசு வருகிறது, கடிதம் வரவில்லை. காசு கொண்டுவருகிற மனிதரிடம் கேட்டால், "ஆள் சுகமாத்தான் இருக்கிறாராம் தங்கச்சி" என்று மட்டும் சொல்லுகிறார். சுகமாய் இருக்கிறவர் ஒரு வரி எழுதியிருக்கலாம். எட்டு வருடத்துக்கு மேலாய்க் குளிரில் நின்று சட்டி கழுவுகிற மனிதனிடம் பெற்ற பிள்ளை நீ யாரோ என்று சொன்னால் அந்த மனிதர் எதை எழுதுவார் என்றும் யோசித்தேன். அவளை ஏசினேன். அடிக்கக் கையும் ஓங்கினேன். "அப்பாவின்ர குரல் எனக்குத் தெரியும்தானே, நீங்கள்தான் ஆரையோ அப்பா எண்டு சொல்லுறியள்" என்று அழுதாள். பிடிவாதக்காரி, உங்களைப்போல என்று நினைத்து விட்டுவிட்டேன்.

நேற்றுத்தான் கசற்றை அப்புத்துரை அண்ணையின் பெரிய றேடியோவில் கறண்டில் போட்டோம். "அந்தச் செத்தவீட்டுக் கசற்றோ? போடுங்கோ, எனக்கும் நித்திரை வரட்டும்" என்று சாய்மனைக் கதிரையில் காலை நீட்டினார். முதல் பாட்டுத் தொடங்கியதும் காலை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். "உது வேற கசற்" என்றார். இல்லை, அதேதான் என்று தங்கராசா கசற் உறையில் இருந்த பேரைக் காட்டினார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு இல்லை. முதலாவதாய் வருகிற பஸ் பாட்டு அன்றைக்கும் கூடாது, இன்றைக்கும் கூடாது. அப்போது பழுதாய்ப் போன பஸ் மாதிரி இருந்தது, இப்போது கொண்டக்ரர் இல்லாத பஸ் மாதிரி இருக்கிறது. ஓடுகிறது, எங்கே நிற்கும் என்று தெரியவில்லை. அந்தக் காதல் பாட்டில் வருகிற பெண் நான்தான் என்று நீங்கள் சொன்னதை இப்போதும் ஏற்கமாட்டேன். எனக்கு அவ்வளவு தலைமயிர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஆனால் முருகன் பாட்டு! கந்தசஷ்டி விரதகாரி நான், முருகனுக்கு ட்றம்ஸ் அடிக்கிறதோ என்று உங்களோடு ஒரு கிழமை கதைக்காமல் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? மெதுவாய்க் கேட்டபோது அது எனக்குப் பிரேதம் தூக்கும்போது அடிக்கிற மேளமாய்த்தான் கேட்டது. நேற்றுச் சரியான வேகத்தில் கேட்டால், அது காவடி. செடில் குத்தி ஆடிக்கொண்டு போகிறவர்களின் கால்தான் அந்த அடி. வீரம்மா அக்கா இருந்த இடத்திலேயே தோளை அசைத்தா. தங்கராசா பிஸ்கற் தகரத்தை எடுத்துத் தட்டினார், பல் வலியையும் மறந்து. என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்த நேரம் ராஜினி படம் கீறிக்கொண்டிருந்தவள், பென்சிலை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். இது யார் பாடுகிறது என்று கேட்டாள். அப்பா என்றேன். "இல்லை அம்மா. இது அண்டைக்குப் போனில கதைச்ச மாமா" என்றாள்.

தங்கராசா தகரத்தைக் கீழே வைத்தார். நீங்கள் மட்டும் பாடிக்கொண்டிருந்தீர்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளை இழுத்து றேடியோவுக்குப் பக்கத்தில் இருத்தி, கசற் மூடியைத் திறந்து, கசற்றைச் சுற்றுகிற சில்லின் பல்லில் என் விரலை மெல்ல அழுத்தி வைத்தேன். குரல் இறங்கியது. தடித்து, இழுபட்டு, அந்தத் துணுக்காய் வெள்ளிக்கிழமைக் குரல் வந்தது. "அப்பா!" என்றாள். விரலை எடுத்தேன். மாமா. வைத்தேன். அப்பா. பிறகு என்னுடைய கையைத் தட்டிவிட்டுத் தானே தன் சின்ன விரலை வைத்தும் எடுத்தும் பார்த்தாள். எத்தனை தரம் என்று இல்லை. கசற் அறுந்துவிடும் என்று அப்புத்துரை அண்ணை சொல்ல வாயெடுத்தார், வீரம்மா அக்கா அவருடைய தொடையில் ஒன்று போட்டா. கடைசியில் ராஜினி விரலை எடுத்துவிட்டுப் பாட்டு முடியும் வரைக்கும் அப்படியே கேட்டாள். "ரெண்டு பேரும் ஒராள்தானோ அம்மா?" என்றாள். ஓம் என்றேன். "அப்ப நான் அப்பாவையோ மாமா எண்டனான்?" என்றாள்.

இரண்டாம் பக்கக் கடைசிப் பாட்டைப்பற்றியும் எழுத வேண்டும். வாய்க்கால் தண்ணீர்முறைக்கு வரம்பில் காவல் இருக்கிறவன் மேல்வயல்காரனைக் கூப்பிடுகிற பாட்டு. நான் அதிகம் சுற்றியது அதைத்தான். அவன் அழுகிறான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன், அவனோடு சேர்ந்து நானும் அழுதிருக்கிறேன். நேற்றுப் பார்த்தால் அவன் அழவில்லை. நித்திரை வராமல் இருக்கப் பகிடியாய்ப் பாடுகிறான். தண்ணீர் வரும் என்று அவனுக்குத் தெரியும். அப்புத்துரை அண்ணை அதைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தம்பிக்கு எழுதேக்குள்ள நான் கேட்டதெண்டு எழுது பிள்ளை. வாசிகசாலையில சொன்னதை நான் வாபஸ் வாங்கிறன் எண்டும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். தங்கராசாவும், தாளம் விடவில்லை என்று உங்களுக்கு அறிவிக்கச் சொன்னார்.

எனக்கு ஒரு குறை இருக்கிறது. அதையும் உங்களிடம்தானே சொல்ல வேண்டும். போனில் உங்கள் குரலைக் கேட்டபோது எனக்கும் ஒரு கணம் புதுக் குரலாய்த்தான் இருந்தது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை வாய்விட்டுச் சொன்னாள், நான் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உங்களோடு நான் குடும்பம் நடத்திய காலத்தைவிட, அந்தத் தடித்த குரல்காரனோடு சைக்கிளுக்குப் பக்கத்தில் இருந்த காலம் கூடிப்போய்விட்டது. நேற்று எல்லோரும் சந்தோசப்படும்போது, அவன் இனி வரமாட்டான் என்று எனக்கு மட்டும் கொஞ்சம் கவலையாய் இருந்தது. இங்கே கறண்ட் இருக்கிறது, சுவிச்சைப் போட்டால் பாடுகிறீர்கள், என் கைக்கு வேலை இல்லை.

ராஜினி நேற்றுப் படுக்கும்போது, அப்பா கோவமோ என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள். சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு அதே ரெலிபோன் கடையில் வந்து இருப்போம். கடைக்காரரிடமும் சொல்லி வைக்கிறேன். அவளுக்காகக் குரலைத் தடிப்பித்துக் கதைக்க வேண்டாம், உங்கள் குரலிலேயே கதையுங்கோ. இனி அவள் கண்டுபிடிப்பாள். அவளிடம் கொடுக்க முதல் என்னோடும் கொஞ்ச நேரம் கதையுங்கோ. என்ன கதைத்தாலும் பரவாயில்லை.

அங்கே கிற்றார் வைத்திருக்கிறீர்களோ தெரியாது. முருகன் உங்கள் தொண்டையையும் கைகளையும் குளிரில் காப்பாற்றட்டும். நேற்று எடுத்த திருநீறு இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். பூசிக்கொண்டு வேலைக்குப் போங்கோ.

பதில் கெதியாய் எழுதுங்கோ.

இப்படிக்கு,
உங்கள்
இராசமலர்